பதினேழாவது பிழை

தொலைபேசி எடுப்பதற்காகத்தான் அவரை வேலைக்குச் சேர்த்தார்கள். அவர் எங்களோடு இருந்த மூன்று வருடங்களில் அந்தத் தொலைபேசி பதினொரு தடவை மணியடித்தது. அதில் ஒன்பது, எண் மாறி வந்தவை. மற்ற இரண்டும் கீழே இருந்த மிளகுக் கடைக்கு வந்தவை. ஒவ்வோர் அழைப்பையும் அவர் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்ததால் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது. கடைசி வாரத்தில் அந்தக் கொப்பியை என்னிடம் தந்தார்.

"இதுல பாதி நான் சும்மா எழுதுனதுங்க. வேல செய்யிற மாதிரி தெரியணுமில்ல."

எந்தப் பாதி என்று கேட்டேன். மறந்துவிட்டது என்றார்.

நாங்கள் அவரை அக்கா என்று அழைத்தோம். நாற்பதைத் தாண்டியவர். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒல்லியான உடம்பு, நீளமான கை. அந்தக் கையில் எப்போதும் ஒரு குடை. வெயில், மழை என்ற பேதம் அந்தக் குடைக்குக் கிடையாது. அதன் வேலை வேறு.

எங்கள் நிறுவனம் மாத்தளை நகரில், முதலாளி ரிஸ்வானின் வாப்பா நடத்திய மிளகு, கிராம்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கைபேசியில் ஆடும் விளையாட்டுகளை உருவாக்குவது தொழில். ரிஸ்வானுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. கணினி வேலை முழுவதையும் செய்தவர் சமிந்த. உக்குவளையைச் சேர்ந்த சிங்களவர், எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் பதினான்கு வருடங்கள் மற்றவர்களின் பிழைகளைத் திருத்திவிட்டு ஊர் திரும்பியவன். விளையாட்டுக்குள் வரும் ஆட்கள் பேசும் வசனங்களை எழுதுவது என் பொறுப்பு. நான்காவது ஆள் அக்கா. கீழே மூட்டை அவிழ்த்தால் மேலே நால்வரும் ஒன்றாகத் தும்முவோம்.

தொலைபேசி வாப்பாவின் யோசனை. "கம்பனிண்டா ஒரு போன் ஈக்கோணும். போன் ஈந்தா எடுக்க ஒராள் ஈக்கோணும்" என்று சொல்லி, இரண்டுக்கும் அவரே ஏற்பாடு செய்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். இரண்டு கிராம்புக் காலம் பார்ப்பார். மூன்றாவதுக்குள் நிறுவனம் உருப்படாவிட்டால் மேல்மாடி மூட்டை அடுக்கப் போய்விடும். அவர் மாடிக்கு வரும்போதெல்லாம் கணினிகளைப் பார்த்ததில்லை. சுவருக்கும் சுவருக்கும் இடையில் எத்தனை மூட்டை பிடிக்கும் என்று கண்ணால் அளப்பார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல ஒரு விஷயம்தான் உண்டு. அவர் கள்ளாட்டம் ஆடுவார். மற்றதெல்லாம் இதற்குச் சாட்சி.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கெரம் ஆடுவோம். அக்கா குனிந்து குறி பார்க்கும்போது சேலைத் தலைப்பு பலகையில் விழும். நிமிரும்போது சிவப்புக் காய் குழியருகே போயிருக்கும்.

"அனே அக்கா, சிவப்பு நடுவுல தானே இருந்திச்சு?" என்பார் சமிந்த.

"இருந்திச்சு."

"இப்ப மூலையில இருக்கு."

"காலையில இருந்து ஒரே எடத்துல நின்னா அதுக்கும் கால் வலிக்குமில்ல, தம்பி?"

சொல்லிவிட்டு, சிவப்பைத் தானே எடுத்துப் பழைய இடத்தில் வைப்பார். அந்த ஆட்டத்தையும் விட்டுக்கொடுப்பார். பிடிபட்ட பிறகு அவர் மறுத்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பிடிபடாமல் இருக்கப் பெரிதாக முயன்றதாகவும் தெரியவில்லை. மூன்று வருடங்களில் அவர் ஓர் ஆட்டமாவது வென்றதில்லை. இதை நான் கவனித்துச் சொன்னபோது, "வெல்றதுக்கா வெளையாடுறாங்க?" என்று கேட்டார். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு ஒரேயொரு சட்டம் இருந்தது. "கள்ளம் பண்ணா, ஏமாந்தவங்களுக்குச் சிரிப்பு வரணும். வரலேன்னா அதுக்குப் பேரு திருட்டு."

வேலைக்கு வந்த முதல் நாள் பத்து மணி வரை தொலைபேசி அடிக்கவில்லை. பார்க்கப் பாவமாக இருந்ததால் ரிஸ்வான் அவரிடம் ஒரு கைபேசியைக் கொடுத்தார். எங்கள் முதல் விளையாட்டு அதில் இருந்தது. மாத்தளை நகரை மூன்று முறை சுற்றிவரும் ஓட்டோப் பந்தயம். ஆறு மாத உழைப்பு.

"சும்மா ஈக்கிறதுக்கு இத ஒருக்கா வெளாடிப் பாருங்க அக்கா."

ரிஸ்வான் தன் கதிரைக்குப் போய் உட்காருவதற்குள் அக்கா கூப்பிட்டார். "முடிஞ்சிருச்சுங்க தம்பி. வேற ஏதும் இருக்கா?"

"முடிஞ்சா? மூணு சுத்துமா? என்னண்டு?"

"ஓட்டோவப் பின்னால எடுத்தேன். கோட்டத் தாண்டுனா ஒரு சுத்துன்னு எண்ணுது. முன்னால எடுத்தேன், இன்னொண்ணு. திருப்பியும் பின்னால. வண்டி எந்தப் பக்கம் போவுதுன்னு அது பாக்கவே இல்லையே."

சமிந்த இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே சரிசெய்து விடுவதாகச் சொன்னார்.

"எதுக்குத் தம்பி? இருக்கட்டும்" என்றார் அக்கா. "ஆனா அப்பிடிப் பின்னால எடுக்குறவன டவுன்ல யாராச்சும் ஏசணும். ஏசாம விட்டா நம்ம டவுன் மாதிரியே இருக்காது."

எனக்கு உருப்படியாக ஒரு வேலை கிடைத்தது அன்றைக்குத்தான். ஓட்டோச் சாரதிகள், மரக்கறி விற்கும் பெண், வீதியைக் கடக்கும் ஆசிரியர், பள்ளிவாசலிலிருந்து வரும் ஒருவர் என்று எல்லோருக்கும் ஏச்சு எழுதினேன். பத்திரிகையில் பதினான்கு வருடமாக எழுதக் கிடைக்காதவை. சிங்கள ஏச்சுகளைச் சமிந்த மனமுவந்து எழுதித் தந்தார். விளையாட்டு வெளிவந்தது. ஆடியவர்கள் பந்தயத்தை மறந்துவிட்டு, அடுத்து யார் என்ன ஏசுகிறார்கள் என்று கேட்பதற்காகவே வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் ரிஸ்வான் வெளிநாட்டு விளையாட்டு நிறுவனங்களைப் பற்றி நிறைய வாசித்துக்கொண்டிருந்தார். நல்ல நிறுவனத்தின் விளையாட்டை இரண்டு நிமிடம் ஆடினால் போதும், யார் செய்தது என்று பெயர் பார்க்காமலே சொல்லிவிடலாம் என்பது அவர் கண்டறிந்த உண்மை. நம் விளையாட்டில் அப்படி என்ன இருக்கிறது? கேள்வியை வெள்ளைப் பலகையில் எழுதி ஒவ்வொருவராகக் கேட்டார். படங்கள் என்றார் சமிந்த. நம் மலையையும் மூடுபனியையும் வேறு யாரும் இப்படி வரைவதில்லையாம். மொழி என்றேன் நான். ரிஸ்வான் தரம் என்றார்.

அக்காவிடம் கேட்டபோது தொலைபேசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இந்த போன் அடிக்காததுதான். வேற எந்தக் கம்பனியில இப்பிடி இருக்கும்?"

ரிஸ்வான் அதைப் பலகையில் எழுதவில்லை.

இனி அந்தக் குடைக்கு வருகிறேன்.

மாத்தளை பஸ் நிலையத்தில் மாலை நேரத்தில் இரத்தோட்டை பஸ் வந்து நிற்பதற்கு முன்பே அதன் இருக்கைகள் நிரம்பத் தொடங்கும். ஆட்கள் இன்னும் கதவடியில் நெரிபட்டுக்கொண்டிருப்பார்கள். ஜன்னல்கள் வழியாக முகம் துடைக்கும் லேஞ்சி, கைப்பை, சாப்பாட்டுப் பெட்டி, மடித்த பத்திரிகை என்று ஒவ்வொன்றாக உள்ளே விழும். பொருள் விழுந்த இருக்கையில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். கேட்டால் பக்கத்திலிருப்பவர் "ஆள் இருக்கு" என்பார். அந்த ஆளை அவருக்குத் தெரியாது. ஆனாலும் சொல்வார். காலியான இருக்கையைப் பார்த்து ஆள் இருக்கிறது என்று ஒரு பஸ்ஸே ஒப்புக்கொள்ளும்.

அக்காவின் குடை இதற்குத்தான். ஓடிவரும் பஸ்ஸோடு நாலடி கூடவே நடந்து, மூன்றாவது ஜன்னலுக்குள் கைப்பிடி முன்னால் போகும்படி குடையைச் செலுத்துவார். ஒரு நாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடையால் ஓர் இருக்கை, சாப்பாட்டுப் பெட்டியால் ஓர் இருக்கை, என் கக்கத்திலிருந்த பத்திரிகையை உருவி மூன்றாவது ஓர் இருக்கை பிடித்தார். எனக்கு இரத்தோட்டைக்குப் போகும் வேலையே இல்லை. பிறகு உள்ளே ஏறி, இடம் கிடைக்காமல் முறைத்துக்கொண்டிருந்த இருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பத்திரிகை திரும்பி வரவில்லை.

எங்கள் இரண்டாவது விளையாட்டு அந்த பஸ். பஸ் புறப்படுவதற்குள் ஓர் இருக்கை பிடித்து வீடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அக்கா சோதித்துப் பார்த்த முதல் மணி நேரத்திலேயே ஓட்டையைக் கண்டுபிடித்தார். இருக்கையில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டுமே சமிந்தவின் கணக்குப் பார்த்தது. இருப்பது மனிதனா என்று பார்க்கவில்லை. எனவே ஒரு பயணியின் குடையை ஜன்னலால் எறிந்தாலும் இருக்கை நிரம்பிவிட்டதாக விளையாட்டு நம்பியது.

"இது பெரிய பிழை ஒண்டு அக்கா" என்றார் ரிஸ்வான்.

"பிழையா? தம்பி, நீங்க காரில போறதால ஒங்களுக்கு அப்பிடித் தோணுது."

குடையை அப்படியே விட்டோம். இருக்கைகள் "ஆள் இருக்கு" என்று சொல்லவும் வைத்தோம்.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு ஒரு காலையில் அக்கா வந்து யாரோடும் பேசாமல் உட்கார்ந்தார். மத்தியானம் கெரம் ஆடினார். சேலைத் தலைப்பு பலகையில் விழவில்லை. சமிந்த பயந்துபோய் என்ன என்று கேட்டார்.

"நேத்து குடையப் போட்டு எடம் புடிச்சேன். ஏறி உக்காந்து வெளியில பாத்துக்கிட்டு வந்தேன். பாதி வழியிலதான் திரும்பிப் பாக்குறேன், ஒரு புள்ள கைக்கொழந்தையோட நிக்குது. என்னைய விட மொதல்ல கதவுகிட்ட நின்ன புள்ள அது. எந்திரிச்சு உக்காருன்னேன். 'வேணாங்க, நீங்க புடிச்ச எடம்'னுச்சு. கோவமா சொல்லல. சட்டத்தச் சொல்ற மாதிரி சொல்லுச்சு. நானும் உக்காரல. ரத்தோட்ட வரைக்கும் அந்த எடம் சும்மா வந்துச்சு, ரெண்டு பேரும் நின்னுக்கிட்டு வந்தோம்." சிவப்புக் காயை நடுவில் வைத்தார். "அது சிரிக்கல."

ஒரு வாரம் கழித்துச் சமிந்தவிடம் ஒரு வேலை சொன்னார். விளையாட்டில் குடை போட்டு இடம் பிடித்தவன் உட்கார்ந்திருக்கும்போது, கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றால், அந்தக் குடை தானாக விரிய வேண்டும். நெரிசலான பஸ்ஸுக்குள், முழுக்க விரிய வேண்டும். சமிந்த செய்தார். கொண்டக்டரின் தொப்பி பறந்தது. பின்னாலிருந்த பெரியவரின் கண்ணாடி விழுந்தது. பஸ் முழுவதும் ஏசியது. அந்த ஏச்சுகள் நான் எழுதியவற்றில் சிறந்தவை என்று இன்றும் நினைக்கிறேன். அக்கா ஆடிப் பார்த்தார். அன்று மத்தியானம் சிவப்புக் காய் மறுபடியும் நகர்ந்தது.

அவர் ஏன் எல்லாவற்றிலும் கள்ளம் செய்கிறார் என்று ஒரு நாள் நேராகவே கேட்டேன். தன் தகப்பனார் திருவிழாக்களில் சீட்டு வித்தை காட்டியவர் என்றார். நம்பினேன். இன்னொரு நாள், கேட்காமலே வேறொன்று சொன்னார். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தவர். தராசில் கூடைக்கு, தண்ணிக்கு என்று நிறையைக் குறைத்துத்தான் போடுவார்கள். பறிப்பவர்களும் கொழுந்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத்தான் கொண்டுபோவார்கள். "நிறுக்கிறவருக்கும் தெரியும், எங்கம்மாவுக்கும் தெரியும். ரெண்டு பேரும் மொகத்தப் பாத்துக்கிட்டா சிரிச்சிருவாங்க. அப்பறம் ஒரு புது ஆளு வந்தாரு. அவரு சிரிக்கல."

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சீட்டு வித்தையும் பொய், இதுவும் பொய். பேப்பர்ல போட்டுறாதீங்க" என்றார். இரண்டு தகவலுக்கும் மறுப்புக்கும் மூலம் ஒருவரே என்பதால் என்னால் எதையும் உறுதிசெய்ய முடியவில்லை. முதல் கதையைச் சொன்னபோது அவர் தொலைபேசியைத் துடைத்துக்கொண்டிருந்தார், இரண்டாவதைச் சொன்னபோது துடைக்கவில்லை என்பதை மட்டும் குறித்து வைத்தேன்.

மூன்றாவது கிராம்புக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தபோது கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி. பஸ் விளையாட்டைப் பல நாடுகளில் வெளியிட அந்த நிறுவனம் விரும்புவதாகச் சொன்னார். கொழும்புத் தமிழர், ஐம்பது வயதிருக்கும், வெள்ளி வளையம் போட்ட மரக் கைப்பிடியுடன் ஒரு நீண்ட கறுப்புக் குடை வைத்திருந்தார். மரியாதையானவர். வந்தது முதல் போகும் வரை ஒரு தடவையும் சிரிக்கவில்லை.

"நல்ல வேலை, மிஸ்டர் ரிஸ்வான். ஆனா ஓட்டைகள் நிறைய. விளையாட்டுன்னா எல்லாருக்கும் ஒரே சட்டம் இருக்கணும். இதுல சட்டத்தை மீறுறவங்கதான் வெல்றாங்க."

தொலைபேசி மேசையிலிருந்து குரல் வந்தது. "வெல்றதில்லைங்க சேர். எடம் மட்டுந்தான் கெடைக்கும்."

அவர் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தார். நாற்பத்தொரு பிழைகள். ஒவ்வொன்றையும் மூட வேண்டும். மூடிய பிறகு ஒருவர் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் நேரே கையெழுத்திட வேண்டும். ஒரு மாதத்தில் திரும்பி வருவார். எல்லாம் சரியாக இருந்தால் அன்றைக்கே ஒப்பந்தம்.

சோதிப்பவர் அக்கா என்பதால் அவருக்காக நான் அந்தப் பட்டியலைத் தமிழில் எழுதினேன். நன்றாக எழுதப்பட்ட பட்டியல். ஒரு சொல் மிகையில்லை. ஒன்பது: பின்னோக்கி நடப்பதன் மூலம் வரிசையில் முன்னேற முடிகிறது. பதினான்கு: கொண்டக்டர் தமக்குத் தெரிந்தவர்களை முதலில் ஏற்றுகிறார். பதினேழு: இருக்கையில் பொருள் வைத்தால் ஆள் இருப்பதாகக் கருதப்படுகிறது, மேலும், குடை காரணமின்றித் தானாக விரிகிறது.

அக்கா வாசித்து முடித்தார். "பாவம் மனுசன். இவர ஒரு நாளைக்கு ரத்தோட்ட பஸ்ல ஏத்தி விட்டா நாப்பத்தியொண்ணு போதுமா?"

மூடும் வேலை தொடங்கியது. சமிந்த அக்காவின் பிரதியைப் பார்த்து ஒவ்வொன்றாக மூடினார். அக்கா சோதித்துக் கையெழுத்திட்டார். நான்காவது வாரத்தில் விளையாட்டு நேர்மையாகிவிட்டது. எல்லோரும் வரிசையில் நின்றார்கள். முதலில் வந்தவருக்கு முதல் இருக்கை. யாரும் யாரையும் ஏசவில்லை; ஏசக் காரணமில்லை. சமிந்த அதை மூன்று நிமிடம் ஆடினார். பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். அந்த வாரம் கெரம் பலகையையும் யாரும் எடுக்கவில்லை. வாப்பா இரண்டு தடவை மாடிக்கு வந்து சுவர்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

கொழும்புக்காரர் வருவதற்கு முந்திய நாள் ரிஸ்வான் அக்காவின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். "அக்கா, எல்லாத்தையும் மூடியாச்சு தானே? அல்லாஹ்வுக்காக உண்மையச் சொல்லுங்க. இது போனா நாளைக்கு நாங்க நாலு பேரும் கீழ மிளகுதான் புடைக்கோணும்."

"நாப்பத்தியொண்ணுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கேனே தம்பி."

அது கேள்விக்குப் பதில் இல்லை என்பதைப் பத்திரிகையில் இருந்த எவனும் கவனித்திருப்பான். நானும் கவனித்தேன். என் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் நல்ல மழை. கொழும்புக்காரர் நனைந்த குடையைப் படி ஏறும் இடத்தில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். கையெழுத்திட்ட பட்டியலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, எங்கள் கைபேசியில் ஆடத் தொடங்கினார். முதல் தடவை வரிசையில் பின்னால் நின்றார், இடம் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவையும் அப்படியே. "நல்லது. நேர்மையா இருக்கு" என்றார், அறிக்கை வாசிப்பது போல. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது தடவை பஸ் வரும்போது அக்கா அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"சேர், அந்தப் பொம்பள கையில குடை இருக்கு பாருங்க."

"இருந்தா?"

"அத உருவி ஜன்னலால போடுங்க."

அவர் திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, அவர் யோசிப்பதற்குள் அவருடைய பெருவிரல் நகர்ந்துவிட்டது. குடை ஜன்னல் வழியே போய் இருக்கையில் விழுந்தது. "ஆள் இருக்கு!" என்றது பஸ். அவர் ஏறி உட்கார்ந்தார். பஸ் புறப்பட்டது. கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றாள். குடை விரிந்தது. தொப்பி பறந்தது, கண்ணாடி விழுந்தது, பின் வரிசையிலிருந்து நான் எழுதிய குரல் வந்தது:

"எந்திரிங்க மகராசா, குடைக்கே வெக்கமா இருக்கு!"

கொழும்புக்காரரின் தொண்டையிலிருந்து விக்கல் போல ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு என்பது எங்களுக்குப் புரியச் சற்று நேரமானது. மீண்டும் ஆடினார். குடை விரியாமல் உட்காரும் வழி தேடினார். குழந்தைக்காரி வரும்போது தூங்குவது போல நடித்துப் பார்த்தார். குடை விரிந்தது. கால் மணி நேரம் ஆடினார். பிறகு சட்டென்று நிறுத்தினார். பையிலிருந்து பட்டியலை எடுத்துப் புரட்டினார்.

"பதினேழு" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கீழே யாரோ மூட்டை அவிழ்த்தார்கள். ஐவரும் தும்மினோம்.

"இந்தக் கையெழுத்து யாருடையது?"

"என்னோடதுங்க சேர்."

"மூடியாச்சுன்னு எழுதியிருக்கு."

"எழுதியிருக்குங்க. மூடல."

சமிந்த அக்காவின் பிரதியை இழுத்துப் பார்த்தார். அவர் அந்த எண்ணுக்கு வந்து சேருவதற்கு முன்பே பதினேழுக்கு நேரே 'முடிந்தது' என்று அக்கா எழுதி வைத்திருந்தார். அதனால் சமிந்த அதைத் தாண்டிப் பதினெட்டுக்குப் போயிருந்தார். "அனே" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தமிழும் வரவில்லை, சிங்களமும் வரவில்லை.

"சேர், இண்டைக்கே மூடித் தாறோம், ஒரு மணித்தியாலம்..." என்று ரிஸ்வான் எழுந்தார்.

கொழும்புக்காரர் கையை உயர்த்தினார். "மூட வேணாம். மத்த நாப்பதையும் தொறந்துடுங்க." கைபேசியை மேசையில் வைத்தார். "இப்படித்தான் இது உங்க விளையாட்டு. மத்த மாதிரின்னா எங்ககிட்டயே நூறு இருக்கு." பட்டியலை மடித்தார். "ஒப்பந்தம் போடலாம். ஆனா இந்தக் கையெழுத்தை எங்க நிறுவனம் இனி ஏத்துக்காது. சோதிக்கிறதுக்கு வேற ஆள் வேணும். அதுல மட்டும் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"அப்ப வேணாம் சேர்" என்றார் ரிஸ்வான். "அக்கா இல்லாம என்ன கம்பனி?"

அக்கா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "தம்பி, பிடிபட்டா காயத் திருப்பி வச்சிட்டு ஆட்டத்த விடணும். மூணு வருசமா பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க? நான் போனா ஒரு கதிரதான் காலி. நீங்க போனா மாடி முழுக்க மூட்ட. கையெழுத்தப் போடுங்க."

ரிஸ்வான் கையெழுத்துப் போட்டார். அக்காவைப் பார்க்காமல் போட்டார்.

கொழும்புக்காரர் புறப்படும்போது மழை இன்னும் விடவில்லை. படியடியில் அவர் குடை இல்லை. எல்லோரும் தேடினோம், அக்காதான் அதிகம் தேடினார், கீழே மிளகுச் சாக்குகளுக்குப் பின்னால்கூடப் பார்த்தார். கடைசியில் அவர் நாற்பத்தொரு பிழைகளையும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு காருக்கு ஓடினார்.

அக்கா அந்த வெள்ளிக்கிழமையோடு நின்றார். உக்குவளையில் ஒரு டியூஷன் வகுப்பு நிலையத்தில் வேலை எடுத்துக்கொண்டார். அங்கே காலை ஏழு மணியிலிருந்து தொலைபேசி அடிக்கும் என்று பெருமையாகச் சொன்னார். யாரையும் அழவிடாமல், தன் பழைய குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, இரத்தோட்டை பஸ் பிடிக்க வேண்டும் என்று அவசரமாக இறங்கிப் போனார்.

அவர் போன பிறகுதான் பார்த்தோம். தொலைபேசி மேசைக்குப் பின்னால் அவர் உட்காரும் கதிரையில், ஒரு கைப்பிடியிலிருந்து மறு கைப்பிடிக்குக் குறுக்காக, நீண்ட கறுப்புக் குடை ஒன்று கிடந்தது. மரக் கைப்பிடி. வெள்ளி வளையம்.

"இது..." என்று ரிஸ்வான் தொடங்கினார்.

"அனே, பேசாதீங்க" என்றார் சமிந்த.

நாங்கள் அதைத் தொடவில்லை. கிராம்புக் காலம் வந்தது. மூட்டைகள் கீழேயே நின்றன. மேலே புதிதாக ஆறு பேர் வந்தார்கள், கதிரைகள் போதவில்லை. புதியவர்களில் யாராவது அந்தக் கதிரைக்கு வந்தால் மூவரில் ஒருவர் தலை நிமிராமலே "ஆள் இருக்கு" என்போம். அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். யார் என்று எவரும் கேட்டதில்லை. எல்லோரும் பஸ்ஸில் வருபவர்கள்.

நிறுவனத்தைப் பற்றி ஓர் அறிமுகம் எழுதும்படி ரிஸ்வான் கேட்டார். பலகையில் அந்தப் பழைய கேள்வி அழியாமல் இருந்தது. மலை, மொழி, தரம் எல்லாவற்றையும் வைத்து மூன்று பக்கம் எழுதினேன். பிறகு என்னுள் இருந்த துணை ஆசிரியன் வெட்டிக்கொண்டே போனான். மிஞ்சியது ஒரு வரி: 'எங்கள் விளையாட்டுகளில் நீங்கள் கள்ளம் செய்யலாம், பிடிபடுவீர்கள்.' இப்போதும் எங்கள் விளையாட்டுகள் ஒவ்வொன்றும் அந்த வரியோடுதான் தொடங்குகின்றன.

அடுத்த விளையாட்டைப் பார்க்கக் கொழும்புக்காரர் மறுபடியும் வந்தார். அறை நிறைய ஆட்கள். உட்கார இடம் தேடி, தொலைபேசி மேசைப் பக்கம் நடந்தார். கதிரையின் முதுகில் கைவைத்தார்.

ரிஸ்வான் எழுந்தார். முகம் வெளிறியிருந்தது, ஆனாலும் சொன்னார்.

"சேர்... அதுல ஆள் ஈக்கி."

அவர் கதிரையைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். குனிந்து, வெள்ளி வளையத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். தொண்டையில் அந்த விக்கல் வந்தது. கதிரையிலிருந்து கையை எடுத்துவிட்டு, சுவரோடு சாய்ந்து நின்றபடியே ஒரு மணி நேரம் புது விளையாட்டை ஆடினார்.

அவர் இறங்கிப் போகும்போது வெளியே மழை பிடித்திருந்தது. படியில் ஒரு கணம் நின்று வானத்தைப் பார்த்தார். பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு காருக்கு ஓடினார்.